புது வடிவ கார், முதல் லாட், ஒரு திரும்ப அழைப்பு: ஓட்டுநர் பள்ளியிலிருந்து ஒரு மதிப்புரை

திருச்சியில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். உரிமம் கைக்கு வந்ததும் எங்கள் மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கார் வாங்கலாம் அக்கா?" என்பது. அடுத்த கேள்வி, "புது மாடல் ஒன்று வந்திருக்கிறதே, அதை வாங்கலாமா?" என்பது. முதல் கேள்விக்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். வீட்டில் எத்தனை பேர், எந்தத் தெருவில் நிறுத்தப் போகிறார்கள், மாதத் தவணை எவ்வளவு கட்ட முடியும் என்றெல்லாம் கேட்டுத்தான் சொல்வேன். இரண்டாவது கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான். அடியோடு மாற்றி வடிவமைத்த காரை வெளிவந்த சூட்டோடு வாங்காதீர்கள்.

இதை வாய் வார்த்தையாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் எங்கள் பள்ளியில் ஓடும் ஒரு காரையும், அதற்கு வந்த திரும்ப அழைப்பை (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய விற்ற வண்டிகளை நிறுவனமே திரும்பக் கூப்பிடுவது, ஆங்கிலத்தில் ரீகால்) சர்வீஸ் சென்டர் கையாண்ட விதத்தையும் எழுதிவைக்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கீழே சொல்லியிருக்கும் பொது அறிவிப்புகளைப் படித்தால், இது ஒரே நிறுவனத்தின் குறை இல்லை என்பது விளங்கும்.

கார், சிறிய பெட்ரோல் ஹேட்ச்பேக். இதன் பழைய வடிவத்தைத்தான் பல ஆண்டுகள் பயிற்சிக்கு வைத்திருந்தோம். நிறுவனம் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை இறக்கிய நேரத்தில் எங்களுக்கு ஒரு வண்டி அவசரமாகத் தேவைப்பட்டது. ஷோரூமில் பழைய வடிவம் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்படித்தான் முதல் லாட்டில், அதாவது முதலில் தயாரான தொகுப்பில், வந்த வண்டி எங்களுக்குக் கிடைத்தது. மறு ஆண்டு மாணவர் எண்ணிக்கை கூடியபோது அதே மாடலில் இன்னொன்றும் வாங்கினோம். ஒரே பெயர், ஒரே இன்ஜின், ஒரே நிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. இந்த மதிப்புரையை எழுதத் துணிந்ததே அதனால்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நிறையவே இருக்கிறது. கிளட்ச் மிக இலகுவானது. கால் வலிக்கிறது என்று யாரும் பாதியில் நிறுத்தச் சொல்வதில்லை. கிளட்ச் பிடிக்கும் இடம் பாதத்துக்குத் தெளிவாகத் தெரிவதால், மேட்டில் நிறுத்தி எடுக்கும் பயிற்சி பழைய வண்டியைவிட விரைவில் கைவந்துவிடுகிறது. முன்கண்ணாடி அகலம், இருக்கை சற்று உயரம். குள்ளமான பெண்களுக்கும் பானெட்டின் முனை தெரிகிறது, இது எனக்கு மிக முக்கியம். தில்லை நகர் குறுக்குத் தெருக்களில் ஒரே ஒடிப்பில் திரும்புகிறது. ஏ.சி. சித்திரை வெயிலுக்கும் ஈடுகொடுக்கிறது. வடிவமைப்பாளர்கள் அக்கறையோடு உழைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குறை, முதல் மழைக்காலத்துக்குப் பிறகு தலைகாட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துபோகும். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். ஓரங்கட்டி, சாவியைத் திருப்பி மறுபடி போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பிவிடும். அனுபவம் உள்ளவர் ஓட்டினால் இது எரிச்சலோடு போய்விடும். ஸ்டீயரிங் பிடித்துச் சில நாள்களே ஆன ஒருவர், காவிரிப் பாலத்தில் பின்னால் பஸ் வர ஓட்டிக்கொண்டிருக்கும்போது நடந்தால் கதை வேறு. ஒரு மாணவிக்கு அப்படித்தான் நடந்தது. இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துப்போகிறது. பிரேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும், பிறகு மிதி கல்லாகிவிடும். பக்கத்து இருக்கையில் என் காலடியிலும் பிரேக் இருந்ததால், ஒரே மிதியில் வேகத்தைக் குறைத்து, கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெண் அன்று அழவில்லை, பயந்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு வெகுநாள் வகுப்புக்கு வரவில்லை.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்தார்கள். "பழுது எதுவும் பதிவாகவில்லை மேடம்" என்றார்கள். பேட்டரி முனைகளைத் துடைத்தார்கள். அடுத்த முறை மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அதற்கடுத்த முறை, கற்றுக்கொள்பவர்கள் கிளட்சைச் சரியாக விடாததால் அணைந்திருக்கும் என்றார்கள். கிளட்சை விடத் தெரியாமல் அணைவது எப்படி இருக்கும் என்பது, அதையே தொழிலாகக் கொண்டவளுக்குத் தெரியாதா? வண்டி குலுங்கி நிற்கும். இது குலுங்கவே இல்லை. நாலாவது கியரில் ஓடும்போது கரண்ட் போன வீட்டைப்போலச் சத்தமில்லாமல் அணைந்தது.

உறையூரில் எங்கள் பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாய், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் கையில் ஒரு டார்ச்சோடு வந்தார். காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்தார். அதற்கு அடியில் இன்ஜினின் வயர் கட்டு, ஒரு தகரத் தாங்கியின் விளிம்பை ஒட்டிப் போகிறது. இன்ஜின் அதிரும்போதெல்லாம் கட்டு அந்த விளிம்பில் உரசியிருக்கிறது. மேலே சுற்றியிருந்த துணி டேப் நைந்து, உள்ளே ஒரு வயரின் பிளாஸ்டிக் உறை சீவினாற்போல் தேய்ந்து, செம்பு மினுங்கியது. அரிசி மணி அளவு இடம்தான். அந்தச் செம்பு தகரத்தைத் தொடும் நொடியில் இன்ஜின் நிற்கிறது, அதிர்வில் விலகியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. கம்ப்யூட்டர் கண்ணுக்கு அது எப்படிப் படும்? பாய் அந்த இடத்தை அப்படியே விடச் சொன்னார். "படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. நான் டேப் சுற்றிவிட்டால், நாளை அவர்கள் நான்தான் கை வைத்தேன் என்பார்கள்" என்றார். படத்தைக் காட்டிய பிறகும் சர்வீஸ் சென்டர் டேப் சுற்றியதோடு சரி. சில மாதங்கள் கழித்து, அதே வயர் கட்டுக்காக நிறுவனம் திரும்ப அழைப்பு அறிவித்தது. எனக்கு அது தெரியவந்தது செய்தித்தாள் பார்த்து. நிறுவனத்தின் இணையதளத்தில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைப் போட்டேன், எங்கள் வண்டி பட்டியலில் இருந்தது. குறுஞ்செய்தி வந்தது பிறகுதான்.

இனி அந்தப் பழுது நீக்கும் சேவை. வேலையின் தரத்துக்குக் குறை சொல்ல மாட்டேன். அறிவிப்பில் சொன்னபடி வயர் கட்டைச் சோதித்தார்கள், தேய்மானம் இருந்ததால் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள், மாற்றிய பிறகு வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் வேலைக்கு முன்னும் பின்னும் நடந்தவை சரியில்லை.

முதல் தடை, எங்கள் இரட்டை மிதிகள். "இது மாற்றம் செய்த வண்டி, வாரண்டி செல்லாது" என்றார் முன்மேசையில் இருந்த பையன். பயிற்சி வண்டிகளில் இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 24ஆம் விதி சொல்கிறது. அதைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அதைவிட முக்கியமானதையும் சொன்னேன்: திரும்ப அழைப்பு வேறு, வாரண்டி வேறு. தயாரிப்பில் உள்ள குறையை நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்வது முன்னது. காருக்கு எத்தனை கைகள் மாறியிருந்தாலும், வாரண்டி முடிந்திருந்தாலும் அது பொருந்தும். மேலாளர் வந்து தலையாட்டிய பிறகுதான் ஜாப் கார்டு, அதாவது வேலை விவரம் எழுதும் சீட்டு, போட்டார்கள்.

இரண்டாவது, பாகம் இருப்பில் இல்லை. அறிவிப்பு வெளியிடும் நாளில் பாகம் கிடங்கில் இருக்க வேண்டாமா? வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். "அதுவரை ஓட்டலாம் மேடம், ஒன்றும் ஆகாது" என்றார்கள். அந்தச் சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓடும்போது இன்ஜின் நிற்கக்கூடும் என்று நிறுவனம் ஊரறியச் சொல்லிவிட்ட வண்டியை, எல் போர்டு மாட்டி, பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டேன். அந்த வாரங்களின் வகுப்புக் கட்டணம் போனது. மாற்று வண்டியும் தரவில்லை, இழப்பைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல முன்மாதிரியைச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் மாருதி சுசூகி ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, பாகத்தை மாற்றும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்று அறிவிப்பிலேயே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. விற்பனைக்கு அது இனிக்கும் சொல் இல்லை. ஆனாலும் சொன்னார்கள். எல்லா நிறுவனத்து சர்வீஸ் மேசையிலும் அந்த நேர்மை இருக்க வேண்டும்.

திரும்ப அழைப்புச் செய்தி வந்தால் எல்லோரும் எத்தனை வண்டி என்றுதான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது தயாரிப்புத் தேதிகளை. அவற்றைப் படிக்கப் பழகிவிட்டால், குறை புது வடிவத்தோடு பிறந்ததா, நடுவில் வந்த மோசமான ஒரு லாட்டா என்பது ஓரளவு புரிந்துவிடும்.

மாருதியின் மூன்றாம் தலைமுறை வேகன் ஆர் 2019 ஜனவரி 23 அன்று வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 1 லிட்டர் இன்ஜின் பொருத்திய 40,618 வண்டிகளை அழைத்தார்கள். எரிபொருள் குழாய் உலோகக் கவ்வியில் உரசுகிறதா என்று பார்ப்பதற்காக. தயாரிப்புத் தேதி: 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை. அதாவது ஷோரூமுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு தயாரான வண்டிகளிலிருந்தே சந்தேகம் தொடங்குகிறது. 2020 ஜூலையில் எரிபொருள் பம்புக்காக வேகன் ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 வண்டிகள் அழைக்கப்பட்டன. அதிலும் வேகன் ஆருக்கான தேதி அதே 2018 நவம்பர் 15இல்தான் தொடங்கியது. முதல் லாட்டில் வாங்கியவர் இரண்டு முறையும் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றிருக்க வேண்டும்.

மாருதியின் கிராண்ட் விட்டாரா இன்னும் தெளிவான உதாரணம். 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 2023 ஜனவரியில் பின் இருக்கை பெல்ட்டின் தாங்கிக்காக 11,177 வண்டிகள் அழைக்கப்பட்டன. தேதி, 2022 ஆகஸ்ட் 8 முதல் நவம்பர் 15 வரை. அந்த ஒரே மாடல், விற்பனைக்கு முந்தைய நாள்களிலிருந்து. இது புது வடிவத்தின் குறை. மேலே சொன்ன 17,362 வண்டி ஏர்பேக் அழைப்பிலும் கிராண்ட் விட்டாரா இருந்தது, ஆனால் அங்கே தேதி 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை, ஒரு மாதம் சொச்சம். கூடவே ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ள பழைய மாடலான ஈக்கோவும் இருந்தன. அது எங்கிருந்தோ வந்த ஒரு பாகத்தின் மோசமான லாட். புதிது பழையது பார்த்து வருவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "இந்த மாடலே சரியில்லை" என்று பேசுவது நியாயம் இல்லை.

மற்ற நிறுவனங்களும் விலக்கல்ல. 2022 பிப்ரவரியில் வந்த கியா கேரன்ஸ், அந்த ஆண்டு முடிவதற்குள் ஏர்பேக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக 44,174 வண்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்தது. 2022 ஜூனில் வந்த மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என், டிசம்பருக்குள் கிளட்ச் கூட்டில் உள்ள ரப்பர் உறைக்காக 6,618 வண்டிகளை அழைத்தது. என் அனுபவத்துக்கு மிக நெருக்கமானது மஹிந்திராவின் எக்ஸ்யூவி700. இன்ஜின் அறையில் வயர் கட்டு உரசித் தேயும் அபாயத்துக்காக 2023 ஆகஸ்டில் 1,08,306 வண்டிகளைச் சோதிக்க அழைத்தார்கள். தேதிகள் 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை. இரண்டு ஆண்டுக்கும் மேல்! ஆகவே ஓராண்டு பொறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. அபாயம் குறையும் என்று மட்டும் சொல்கிறேன்.

நம்பகத்துக்குப் பேர்போன டொயோட்டாவுக்கும் இது நேர்ந்தது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக்கான டண்ட்ரா பிக்கப்பை அடியோடு மாற்றினார்கள். பழைய வி8 இன்ஜினை விட்டுவிட்டு, இரட்டை டர்போ வி6 வைத்தார்கள். இன்ஜினைக் கடையும்போது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள் பேரிங்கைக் கெடுக்கலாம் என்று 2024 மே மாதம், அந்த இன்ஜின் உள்ள லெக்சஸ் எல்எக்ஸையும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். பெயரைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இதைச் சொல்லாமல் விடமாட்டேன். நற்பெயர் சம்பாதித்தது பழைய இன்ஜின். புதியது இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. பழைய வடிவத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் அச்சு நிலைபெற்றிருக்கும், பாகம் தருபவருக்கும் கை பழகியிருக்கும், தொழிற்சாலையில் பூட்டுபவருக்கும் எந்த வயரை எங்கே மடக்க வேண்டும் என்பது பழக்கத்தில் வந்திருக்கும். புது வடிவத்தில் அடித்தளம், இன்ஜின் அறையின் அமைப்பு, மின்சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகின்றன. சோதனை வண்டிகள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும், அவற்றைப் பூட்டுபவர்கள் தேர்ந்த கைகள். மாதம் பல்லாயிரம் வண்டி தயாராகும் வேகத்தில் ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் போவதை அந்தச் சோதனை காட்டாது. அதைக் காட்டுவது வாங்கியவர்களின் வண்டிகள்தான். முகப்பு விளக்கையும் பம்பரையும் மட்டும் மாற்றி வரும் ஃபேஸ்லிஃப்ட் வண்டிக்கு இந்த அச்சம் அவ்வளவு இல்லை. உள்ளே இன்ஜினோ கியர்பாக்ஸோ மாறாதவரை அதைத் தயங்காமல் வாங்கலாம்.

இப்போது எங்கள் இரண்டு வண்டிகளுக்கு வருகிறேன். மறு ஆண்டு வாங்கிய வண்டியின் காற்று வடிகட்டிப் பெட்டியையும் மெக்கானிக் பாயிடம் சொல்லிக் கழற்றிப் பார்த்தேன். அதே தகரத் தாங்கி. ஆனால் விளிம்பு மடித்து மழுங்கடிக்கப்பட்டிருக்கிறது. வயர் கட்டின் மேல் மடிப்பு மடிப்பான கறுப்புப் பிளாஸ்டிக் குழல் மாட்டியிருக்கிறது. தாங்கியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, முதல் வண்டியில் இல்லவே இல்லாத ஒரு வெள்ளைக் கிளிப் கட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. கதவு ரப்பர் தடிமனாகியிருக்கிறது, முதல் வண்டியில் மழை நாளில் பின்கதவு வழியே கசியும் நீர் இதில் இல்லை. பின்பக்கக் கடகடச் சத்தமும் இல்லை. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. விலைப்பட்டியலில் கிடையாது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: மழுங்கடித்த விளிம்போடு இரண்டாவது வண்டி தயாரானது திரும்ப அழைப்பு வருவதற்கு முன்பே. புதிய வண்டிகளில் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள், ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 முதல் கார் தயாரிப்பாளர்கள் சங்கமான சியாமின் தன்னார்வ விதிமுறை இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். ஆனால் அரசின் கை நீள்வதற்குப் புகார்கள் சேர வேண்டும். சர்வீஸ் மேசையில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இன்ஜின் அணைந்தது என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய கார் வாங்குபவர்களும் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். டகாட்டா ஏர்பேக்குகள் நினைவிருக்கிறதா? அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊர்களில் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. நம் கடலோர ஊர்களின் காற்று எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட வண்டி இன்னும் யார் கையிலாவது, மாற்றாத ஏர்பேக்கோடு ஓடிக்கொண்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவு ஒன்றும் இல்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மறு ஆண்டுத் தயாரிப்பில் வந்த காருக்குப் பத்துக்கு எட்டரை தருவேன், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான சிறிய கார் இன்று எனக்குத் தெரியவில்லை. முதல் லாட்டுக்கு ஐந்து. திரும்ப அழைப்பு வேலைக்கு எட்டு, அந்த வேலை நடப்பதற்கு முன் எங்களை நடத்திய விதத்துக்கு இரண்டு. இந்த மாடலைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி அந்த வெள்ளைக் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் வண்டியை வரும் ஆண்டு விற்பதாக இருக்கிறோம். வயர் கட்டை மாற்றிய ஜாப் கார்டின் நகல், அழைப்பு எண்ணோடு, ஆர்.சி. உறைக்குள்ளேயே இருக்கிறது. வாங்குபவரிடம் சாவியோடு சேர்த்து அதையும் கொடுத்துவிடுவேன்.